ஒரு திடலில் இரு விதி

அண்மையில் உள்ள இரண்டு ஊர்ப் பள்ளிகளின் மாணாக்கர் ஒருநாள் ஒன்றுகூடிச் சடுகுடு ஆடக் கருதினர் என்று கொள்க. தலைமையாசிரியர் இருவரும் இசைவு தந்தனர். மாணாக்கரே முன்னின்று திடலைப் பெருக்கினர். சுண்ணாம்பால் கோடு கிழித்தனர். பானைகளில் தண்ணீரும் மோரும் கொணர்ந்து வைத்தனர். ஆட்டம் தொடங்கியது. பாடிச் சென்றவன் எதிர்க்கட்சியான் ஒருவனைத் தொட்டு மீண்டான். தொடப்பட்டவன் வெளியே சென்று அமர்ந்தான். சிறிது நேரத்தில் அவன் கட்சியார் எதிரி ஒருவனைப் பிடித்து நிறுத்தினர். உடனே வெளியே இருந்தவன் எழுந்து களத்திற்குள் வந்து நின்றான். "செத்தவன் எப்படி வரலாம்?" என்று ஒரு பள்ளியார் கேட்டனர். "எங்கள் ஊரில் வருவான்" என்று மற்றைப் பள்ளியார் விடையிறுத்தனர். அதனோடு ஆட்டம் நின்றது. மோர் மட்டும் செலவாயிற்று.

இருதிறத்தாரில் ஒருவரேனும் பொய் கூறினாரல்லர். இந்திய நாட்டில் இவ்விளையாட்டு மூவகையாக ஆடப்பட்டு வந்தது. ஒரு கட்சியார் எதிரியை வீழ்த்திய அளவிலே தம்மவருள் வீழ்ந்த ஒருவர் உயிர்பெற்று மீள்வது ஒருவகை. அதற்குச் சஞ்சீவனி என்று பெயர். கட்சி முழுவதும் வெளியேறும்வரையில் எவரும் மீளாமை மற்றொருவகை. அதனைக் காமினி என்பர். தொடப்பட்டவர் களத்தை நீங்காமல் ஆடிக்கொண்டிருக்க, எதிரிக்கு எண்ணிக்கை மட்டும் ஏறிச் செல்வது மூன்றாம் வகையாகிய அமர். ஒவ்வொரு சிறுவனும் தன் ஊர் வழக்கத்தையே உலக வழக்கமாகக் கருதிக்கொண்டு திடலுக்கு வந்தான். அவனிடம் உள்ள குற்றம் அவ்வளவே.

இதனை ஒத்த வழக்கு ஒன்று ஆங்கில நாட்டுப் பள்ளி மாணாக்கரிடையே நெடுங்காலம் தீராமல் இருந்தது. அதனை அவர்கள் தீர்க்க முயன்ற வகையும், கடல் கடந்த வேறொரு நாட்டு மாணாக்கர் அதே வழக்கைப் பிறிதொரு வகையால் தீர்த்துக்கொண்ட திறமும் அறியத்தக்கன.

கிரிக்கெட் ஆட்டத்தில் இவ்விடர்ப்பாடு பெரிதாக எழவில்லை. அதற்கு 1744-ஆம் ஆண்டிலேயே இலண்டனில் விதிகள் எழுதப்பட்டிருந்தன. ஆகவே, ஈட்டன் என்னும் பள்ளியின் மாணாக்கரும் ஹாரோ என்னும் பள்ளியின் மாணாக்கரும் 1805-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 2-ஆம் நாள் இலண்டனில் ஒன்றுகூடி எளிதில் ஆட முடிந்தது. அவ்வாட்டத்தை ஏற்பாடு செய்தவர் மாணாக்கரே. பின்னாளில் பெருங்கவிஞராக விளங்கிய பைரன் அன்று ஹாரோப் பள்ளியின் சார்பில் ஆடினார். அவர் பிறவியிலேயே ஒரு காலில் ஊனமுடையவர். ஆதலின், அவர் பந்தை அடிக்க, அவருக்காக மற்றொருவர் ஓடினார். ஹாரோப் பள்ளி தோற்றது. பைரன் தம் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், தாம் முதன்முறை 11 ஓட்டமும் இரண்டாம் முறை 7 ஓட்டமும் எடுத்ததாகக் குறித்தார். ஆட்டக் குறிப்பேடோ 7 என்றும் 2 என்றும் கூறுகின்றது. கவிஞர்க்கு உயர்வு நவிற்சி இளமையிலேயே கைவந்தது போலும்!

உதைபந்தின் நிலை வேறு. அவ்வாட்டம் ஒவ்வொரு பள்ளியிலும் அப்பள்ளியின் நிலத்தில் முளைத்து வளர்ந்தது. நிலம் எத்தகையதோ விதியும் அத்தகையதாயிற்று. சார்ட்டர்ஹவுஸ் என்னும் பள்ளி அந்நாளில் இலண்டன் நகரில் பழைய துறவியர் மடம் ஒன்றில் நடைபெற்றது. அதன் மாணாக்கர் கல் பாவிய நீண்ட தாழ்வாரத்தில் ஆடினர். அங்கே ஒருவனைக் கீழே தள்ளினால் எலும்பு முறியும்; ஆதலின், பந்தைக் காலடியில் வைத்து மெல்ல உருட்டிச் செல்லும் திறமே சிறப்பாகக் கருதப்பட்டது. ரக்பிப் பள்ளிக்கோ அகன்ற புல்வெளி இருந்தது. வீழ்ந்தாலும் பெருந்தீங்கு இல்லை. அங்குள்ளோர் பந்தைக் கையில் ஏந்தி ஓடினர். ஓடுபவனைப் பிடித்து வீழ்த்தினர். ஈட்டனில் 1717-ஆம் ஆண்டில் கட்டிய மதில் ஒன்று உண்டு. அம்மதிலை ஒட்டி ஏறத்தாழ ஐந்து மீட்டர் அகலமும் நூற்றுப்பத்து மீட்டர் நீளமும் உள்ள ஒடுங்கிய நிலத்தில் அவர்கள் ஆடும் ஆட்டம் ஒன்று இன்றும் நடைபெறுகின்றது. அதில் கோல் போடுதல் மிக அரிது. ஆண்டுதோறும் புனித ஆண்ட்ரு திருநாளில் நிகழும் பேராட்டத்தில் இறுதியாகக் கோல் விழுந்த ஆண்டு 1909 என்றால் அதன் அருமை விளங்கும். அதற்காக ஈட்டன் மாணாக்கர் அவ்வாட்டத்தைக் கைவிட்டாரில்லை.

இப்பள்ளிகளில் பயின்றோர் பலர் பின்னர்க் கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழகத்தில் வந்து கூடினர். மாலை நேரங்களில் ஒருங்கே உதைபந்து ஆடவும் முற்பட்டனர். விளைந்தது பெருங்குழப்பமே. அவரவர் அவரவர் பள்ளி விதிப்படி ஆடினர். ரக்பிப் பள்ளியார் பந்தைக் கையால் தொட்டபோதெல்லாம் ஈட்டன் பள்ளியார் கூக்குரல் இட்டனர். பந்தைக் கையால் தொடுதல் ஒருவருக்கு ஆட்டத்தின் உயிர். மற்றவருக்கு அதுவே பெரும்பிழை.

அப்போது அங்குப் பயின்ற ஹென்றி சார்லஸ் மால்டன் என்பவர் பிற்காலத்தில், 1897-ஆம் ஆண்டில், இதனைத் தம் கடிதம் ஒன்றில் விரிவாக எழுதிவைத்தார். அதன்படி, 1848-ஆம் ஆண்டில் மாணாக்கர் ஒரு முடிவு செய்தனர்: ஒவ்வொரு பள்ளிக்கும் இருவர் சார்பாளராக வரவேண்டும்; அப்பள்ளிகளில் படியாதவராய்ப் பல்கலைக்கழகத்தின் சார்பில் மேலும் இருவர் இருக்கவேண்டும். ஈட்டன், ஹாரோ, ரக்பி, வின்செஸ்டர், ஷ்ரூஸ்பரி ஆகிய பள்ளிகளின் சார்பாளர் வந்தனர். பொதுவினராகச் சால்ட் என்பவரும் மால்டனும் அமர்ந்தனர். மொத்தம் பதினால்வர் என்று மால்டன் கூறுகின்றார். கூட்டிப் பார்க்கும் மாணாக்கர்க்குப் பன்னிருவரே வருவர். நாற்பத்தொன்பது ஆண்டு கழிந்தபின் எழுதியவரின் நினைவு ஓரிடத்தில் தளர்ந்திருத்தல் வியப்பன்று.

கூட்டம் மால்டனின் அறையில் நடைபெற்றது. மாலை நான்கு மணிக்கு உரிய உணவு முடிந்தபின் யாவரும் வந்தனர். பேச்சு நீளும் என்று உணர்ந்த மால்டன் மேசைகளை ஒழித்து, எழுதுகோலும் தாளும் பரப்பி வைத்திருந்தார். உள்ளே நுழைந்த சிலர், "இங்கே தேர்வு ஏதேனும் நடக்கின்றதோ?" என்று வினவினராம். ஒருவகையில் அது தேர்வே. ஒவ்வொருவரும் தம் பள்ளியின் விதிகளை அச்சுப்படியாகக் கொணர்ந்தனர். அஃது இல்லாதார் மனப்பாடமாகக் கொணர்ந்தனர். ஒவ்வொரு விதியாக எடுத்து ஆராய்ந்தனர். வேலை மெல்லவே நகர்ந்தது. இருபக்கத்து வாக்குகளும் சமமாக நின்ற இடங்களில், எப்பள்ளியையும் சாராத சால்ட்டும் மால்டனுமே ஒரு விதியைக் கொள்வதா தள்ளுவதா என்று முடிவு கட்டினர். கூட்டம் கலைந்தபோது நள்ளிரவுக்கு ஐந்து நிமிடமே இருந்தது.

பொதுவினர் இருவரை முதலிலேயே அமர்த்திக்கொண்டமை இம்மாணாக்கர் செய்த நற்செயல்களுள் தலையாயது. வழக்கு மூண்டபின் நடுவரைத் தேடுவோர்க்கு நடுவர் கிடைப்பது அரிது. அந்நேரத்தில் எவர் வந்தாலும் ஒரு பக்கத்தார்க்கு அவர் பகைவராகவே தோன்றுவர்.

அவ்விதிகள் அச்சிடப்பட்டுப் பலர்க்கும் வழங்கப்பட்டன. பார்க்கர்ஸ் பீஸ் என்னும் பெயருடைய பொதுத் திடலில், ஆடுவோர் யாவரும் காணுமாறு ஒட்டியும் வைக்கப்பட்டன. 1848-ஆம் ஆண்டின் அச்சுப்படி ஒன்றும் இன்று எஞ்சவில்லை. 1856-ஆம் ஆண்டின் படி ஒன்று ஷ்ரூஸ்பரிப் பள்ளி நூலகத்தில் கிடைத்துள்ளது. அதனை நோக்கினால் இருசாராரும் எவ்வளவு விட்டுக்கொடுத்தனர் என்பது புலனாகும். உதைத்த பந்து நிலத்தில் விழுமுன் அதனைக் கையால் பிடிக்கலாம். பிடித்தவன் அதனை உதைக்கவும் செய்யலாம். ஆனால், அதனை ஏந்திக்கொண்டு ஓடுதல் ஆகாது. எதிரியைப் பிடித்து நிறுத்துதலும், கையால் தள்ளுதலும், கால் இடறி வீழ்த்துதலும் கூடா. ரக்பியார் கையைப் பெற்று ஓட்டத்தை இழந்தனர் என்னலாம்.

அத்திடலில் 2018-ஆம் ஆண்டில் இவ்விதிகள் பொறித்த நான்கு கற்றூண்கள் நாட்டப்பட்டன. ஆயினும், அக்கூட்டத்தின் முடிவை எல்லாரும் மனமொப்பி ஏற்றனர் என்று சொல்லுதற்கில்லை. ரக்பிப் பள்ளி தன் திடலில் பந்தை ஏந்தி ஓடுவதை ஒருநாளும் நிறுத்தவில்லை. 1863-ஆம் ஆண்டில் இலண்டனில் உதைபந்துச் சங்கம் தோன்றியபோது அதே வழக்கு மீண்டும் எழுந்தது. எதிரியின் காலை உதைத்தலும், பந்தை ஏந்தி ஓடுதலும் தகுமா என்பதே வினா. தகாது என்று பெரும்பாலோர் முடிவு செய்தனர். பிளாக்ஹீத் கழகத்தார் எழுந்து வெளியேறினர். 1871-ஆம் ஆண்டில் ரக்பி ஆட்டத்திற்கெனத் தனி ஒன்றியம் அமைந்தது. வாக்கெண்ணிக்கையால் வென்றவர்கள் ஆட்டத்தைப் பெற்றனர், தோற்றவர்களையோ இழந்தனர்.

இனி, அதே பெயருடைய மற்றொரு கேம்பிரிட்ஜுக்குச் செல்லவேண்டும். அமெரிக்க நாட்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பாஸ்டன் நகருக்கு அருகே அவ்வூர் உள்ளது. ஆங்கில நாட்டுக் கேம்பிரிட்ஜை நினைந்து இடப்பட்ட பெயரே அது. அங்குள்ள ஹார்வர்டு கல்லூரிக்குப் பெயர் தந்த ஜான் ஹார்வர்டு பழைய கேம்பிரிட்ஜில் பயின்றவர். பெயரோடு வழக்கும் கப்பலேறி வந்தது போலும்; ஹார்வர்டு மாணாக்கரும் உதைபந்து விதியால் இடர்ப்பட்டனர்.

அவர்கள் ஆடியது பாஸ்டன் ஆட்டம் எனப்பட்டது. அதில் உருண்டைப் பந்தைக் கையில் எடுத்து ஓடலாம். ஆனால், எதிரி ஒருவன் துரத்தும்வரையில்தான் ஓடலாம். துரத்துபவன் விட்டுவிட்டால் ஓடுபவனும் நிற்றல் வேண்டும். யேல், பிரின்ஸ்டன், ரட்கர்ஸ் முதலிய கல்லூரியாரோ பந்தை ஏந்தி ஓடாமல் ஆடுபவர். 1873-ஆம் ஆண்டில் அவர்கள் நியூயார்க்கில் கூடிப் பொதுவிதி வகுக்க ஹார்வர்டாரையும் அழைத்தனர். ஹார்வர்டார் செல்லவில்லை. சென்றால் தம் ஆட்டம் வாக்கெடுப்பில் மடியும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அதன் பயனாக, அவர்களோடு ஆட அண்டையில் ஒருவரும் இல்லாமற் போயினர்.

இந்நிலையில் கனடா நாட்டு மாண்ட்ரியல் நகரிலுள்ள மக்கில் பல்கலைக்கழகத்தின் ஆட்டத் தலைவர் டேவிட் ரோஜர், ஹார்வர்டு ஆட்டத் தலைவர் ஹென்றி கிராண்டுக்குக் கடிதம் எழுதினார். இருவரும் மாணாக்கர். மக்கிலார் ஆடியது ரக்பி ஆட்டம், நீள்வட்டப் பந்து, துரத்தினும் துரத்தாவிடினும் ஏந்தி ஓடலாம். இரு விதியும் ஒன்றோடொன்று இயையா. எனினும், எவர் விதி சிறந்தது என்னும் வாதத்தில் அவர்கள் இறங்கவில்லை. முதல் ஆட்டம் ஹார்வர்டார் விதிப்படி, இரண்டாம் ஆட்டம் மக்கிலார் விதிப்படி என்று உடன்பட்டனர். பழைய கேம்பிரிட்ஜில் எட்டு மணி நேரம் பேசியும் முற்றாகத் தீராத வழக்கு, இங்கே கடிதங்களிலேயே ஒதுக்கி வைக்கப்பட்டது.

1874-ஆம் ஆண்டு மேத் திங்கள் 14, 15-ஆம் நாள்களில் ஹார்வர்டின் ஜார்விஸ் திடலில் ஆட்டங்கள் நிகழ்ந்தன. ரக்பி முறைப்படி ஒரு பக்கத்திற்குப் பதினைவர் ஆடவேண்டும். மக்கிலாருள் சிலர் வர இயலாமற் போனமையின் இருபக்கத்தும் பதினொருவராகக் குறைத்துக்கொண்டனர். நுழைவுக் கட்டணம் ஐம்பது சென்ட். அப்பணம் ஹார்வர்டுக் கழகத்தின் பெட்டிக்குச் செல்லவில்லை. மாண்ட்ரியலிலிருந்து வந்த விருந்தினரை ஓம்புதற்கே செலவிடப்படும் என்று முன்கூட்டியே அறிவித்தனர். காண வருபவனும் தான் கொடுக்கும் காசு எங்குச் செல்கின்றது என்பதை அறிந்தே கொடுத்தான். மக்கிலார் ரக்பி ஆட்டத்திற்கு உரிய சீருடையில் வந்தனர். ஹார்வர்டாரோ எளிய உடையில், தலையில் கைக்குட்டை கட்டிக்கொண்டு இறங்கினர்.

முதல் நாள் ஹார்வர்டார் 3-0 என்று வென்றனர். அஃது அவர்கள் பிறந்து வளர்ந்த ஆட்டம், மக்கிலார்க்கோ புதியது. இரண்டாம் நாள் நீள்வட்டப் பந்து களத்திற்கு வந்தது. புதிய விதியைப் பழகுதற்கு ஹார்வர்டார்க்குக் கிடைத்த காலம் மிகச் சிறிது. ஆயினும், அவர்கள் தளராமல் ஆடினர். எப்பக்கத்தாரும் எண்ணிக்கை பெறாமல் ஆட்டம் சமமாக முடிந்தது.

இதன்பின் நிகழ்ந்ததே இவ்வரலாற்றில் சிறந்த பகுதி. மனிதர் தாம் வென்ற ஆட்டத்தையே மேலும் மேலும் ஆட விரும்புவர். ஹார்வர்டார் வென்றது தம் விதியில். சமமாக நின்றது பிறர் விதியில். அவ்வாறிருந்தும், இரண்டாம் நாள் ஆட்டமே சுவை மிக்கது என்று அவர்கள் தெளிந்தனர். பின்தொடர்வோனை எதிர்பாராமல் ஓடுதலும், ஓடுபவனை மடக்கி வீழ்த்துதலும் அவர்கள் உள்ளத்தைக் கவர்ந்தன. நியூயார்க் கூட்டத்தில் தம் விதியை எவரும் பறித்துவிடலாகாது என்று அஞ்சி ஒதுங்கியிருந்தவர்கள், இங்கே எவரும் கேளாமலே அதனைக் கீழே வைத்தனர். அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில் அவர்களே மாண்ட்ரியலுக்குச் சென்று, மக்கிலாரோடு மக்கிலார் விதியில் ஆடி வென்று மீண்டனர்.

மறு ஆண்டு, 1875-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், யேல் கல்லூரியார் ஹார்வர்டாரோடு ஆட இசைந்தனர். இருதிறத்தாரும் சிலவற்றை விட்டுக்கொடுத்து அதற்கென விதி அமைத்தனர். யேல் தோற்றது, எனினும், ஆட்டத்தின் பெரும்பகுதி ரக்பியாய் இருந்தது அவர்கட்குக் கசக்கவில்லை. பிரின்ஸ்டன் மாணாக்கரும் அதனைக் கண்டு சென்றனர். 1876-ஆம் ஆண்டில் ஸ்பிரிங்பீல்டு என்னும் ஊரில் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா ஆகிய நான்கு கல்லூரிகளின் மாணாக்கர் கூடி, ரக்பி விதியைத் தழுவிப் பொதுவிதி வகுத்தனர். மூன்றாண்டுக்கு முன் ஒரே அறையில் உட்கார மறுத்தவர்கள், இப்போது அவர்களுள் எவருடையதும் அல்லாத ஓர் ஆட்டத்தில் ஒன்றுபட்டனர். இன்றைய அமெரிக்க உதைபந்து அதிலிருந்தே கிளைத்தது.

மேசையைச் சுற்றி அமர்ந்து வழக்கைத் தீர்த்தல் ஒரு முறை. இருவர் விதியையும் இருவரும் ஆடிப் பார்த்தல் மற்றொரு முறை. முன்னதில் அறிவு மிகுதியும் உழைத்தது. எனினும், தோற்றவர் உள்ளத்தில் ஒரு குறை நின்றது. பின்னதில் உழைத்தவை காலும் கையுமே. பேச்சால் விளங்காதது மூச்சு வாங்கியபோது விளங்கியது. அதற்காக முன்னதைப் பழித்தல் தகாது. பலர் கூடும் இடத்தில் பொதுவிதி இன்றி ஆட்டம் இல்லை. இரு பள்ளிகள் மட்டும் கூடும் நாளிலோ இரண்டாம் முறைக்கு இடம் உண்டு. அதற்கும் முன்னேற்பாடு வேண்டும். ரோஜரும் கிராண்டும் செய்ததுபோல நாள், ஆள் எண்ணிக்கை, பந்து, விதி ஆகியவற்றைக் கடிதத்தில் முன்னரே வரைந்துகொள்ளாவிடில், இரண்டு விதியும் ஒரே நேரத்தில் களத்தில் இறங்கிவிடும்.

சடுகுடு ஆட்டமும் இவ்வாறே பொதுவிதியை நோக்கி நடந்தது. மகாராட்டிரத்து விளையாட்டு அன்பர்கள் அதற்கு விதி வகுக்கும் பணியைத் தொடங்கினர். 1923-ஆம் ஆண்டில் பரோடா நகரிலுள்ள இந்து விஜய உடற்பயிற்சிக் கழகத்தார் விதிகளை வெளியிட்டனர். 1950-ஆம் ஆண்டில் அனைத்திந்தியக் கபடிக் கழகம் தோன்றியது. 1990-ஆம் ஆண்டு பெய்ஜிங் நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் கபடி பரிசுக்குரிய ஆட்டமாக இடம்பெற்றது. பொதுவிதியில் நிலைபெற்றது சஞ்சீவனி முறையே. பஞ்சாபில் வட்டக் களத்தில் ஆடும் கபடியிலோ தொடப்பட்டவர் இன்றும் களத்தை நீங்குவதில்லை. ஆகவே, "எங்கள் ஊரில் வருவான்" என்று சொன்ன பள்ளியார், தாம் அறியாமலே, பிற்காலத்து ஆசிய விளையாட்டின் விதியைச் சொல்லியவராயினர். மற்றைப் பள்ளியார் முதற்பாதியைத் தம் ஊர் முறைப்படி ஆடக் கேட்டிருப்பின், பிற்பாதியில் செத்தவன் எழுந்து வருவதையும் அவர்கள் கண்டிருப்பர்.